குசினி மேடையின் அடியில் கொங்கிறீட் உதிர்கிறது: குறைந்த செலவில் என்ன செய்யலாம்?

உப்புவெளி வாசி:
வணக்கம். எங்கள் வீடு உப்புவெளியில், கடற்கரைக்கு மிக அண்மையில், 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் கட்டப்பட்டது. குசினி மேடை கொங்கிறீட் சிலாப்பால் ஆனது; அதன்மேல் சுவருக்கு ஒட்டும் வெள்ளை டைலையே ஒட்டியிருக்கிறார்கள். சிங்கைச் சுற்றியுள்ள டைல்களைத் தட்டினால் வெற்றொலி கேட்கிறது. இடுக்குகள் கறுத்துவிட்டன, மஞ்சள் கறை எதைப் போட்டுத் தேய்த்தாலும் போவதில்லை. இவற்றை விடவும் என்னை வருத்துவது, கீழ்க் கபேட்டைத் திறந்து பார்த்தபோது சிலாப்பின் அடியில் ஒரு துண்டு விழுந்து, துருவேறிய கம்பி வெளியே தெரிந்ததுதான். மேலே கிரனைற் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு கடையில் சொன்னார்கள். அதற்கு எங்களிடம் வசதி இல்லை. பழைய டைலின் மேலேயே புதிய டைல் ஒட்டலாமா, எபொக்சி பெயின்ற் பூசலாமா, அல்லது முழுவதையும் இடிக்கத்தான் வேண்டுமா?

தம்பலகாமம் மேசன்:
தம்பி, அடிப்பக்கத்தைச் சரிசெய்யும் வரைக்கும் மேற்பக்கத்துக்கு ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம். கடற்காற்றில் வரும் உப்பும் சிங்க் ஓரத்தால் கசியும் நீரும் சேர்ந்து கம்பியைத் துருப்பிடிக்க வைத்திருக்கின்றன. துரு, அது உண்டான இரும்பை விடப் பல மடங்கு இடத்தைப் பிடிக்கும் என்பதால், உள்ளிருந்து தள்ளித் தள்ளிக் கொங்கிறீட்டைப் பிளக்கிறது. 20 மில்லிமீற்றர் கிரனைற் ஒரு சதுர மீற்றருக்கு 50 கிலோவுக்கு மேல் நிறுக்கும். பலமிழந்த சிலாப்பின் மேல் அந்தப் பாரத்தை ஏற்றுவது ஆபத்து.

முதலில் மேடைக்கு அடியில் மரத்தால் முண்டு கொடுத்துவிட்டு, சிறிய சுத்தியலால் அடிப்பக்கம் முழுவதையும் தட்டிப் பாருங்கள். ஒலி மாறும் இடங்களைச் சோக்கட்டியால் வட்டமிடுங்கள். வட்டங்கள் சிங்கைச் சுற்றி மட்டும் இருந்தால் திருத்தலாம். மேடை முழுக்கப் பரவியிருந்தால் இடித்துப் புதிதாகப் போடுவதே மலிவு. ஏனெனில் உப்பு ஊறிய சிலாப்பில் ஓரிடத்தை அடைத்தால், அதன் அருகிலேயே அடுத்த துரு கிளம்பும்.

திருத்தும்போது கம்பியின் பின்பக்கமாக விரல் நுழையும் அளவுக்குக் கொத்தி எடுத்து, இரும்பு பளிச்சென்று தெரியும் வரை கம்பித் தூரிகையால் தேய்க்க வேண்டும். கம்பி கால்வாசிக்கு மேல் தேய்ந்திருந்தால் பக்கத்தில் புதிய கம்பி வைத்து, நல்ல கம்பியோடு இரு பக்கமும் நீளமாக மேவிக் கட்டுங்கள். பிறகு துத்தநாகப் பிறைமர், அதன்மேல் பழைய கொங்கிறீட்டோடு புதியதைப் பிடிக்கவைக்கும் பால் போன்ற திரவம், அது காய்வதற்கு முன் ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல் கலந்த சாந்து என்று ஒழுங்காகச் செல்லுங்கள். மணல் மகாவலி ஆற்று மணலாக இருக்கட்டும். கடற்கரை மணலைக் கழுவிப் போடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

தென்மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் செய்வதானால் சாந்து ஒரே நாளில் வறண்டு வெடித்துவிடும். அடிப்பக்கத்தில் ஈரச்சாக்கு நிற்காது. ஆகவே நீர் தெளித்துப் பொலித்தீனை இறுக ஒட்டி, ஏழு நாட்கள் ஈரம் காக்க வேண்டும்.

அன்புவழிபுரம் அக்கா:
ஐயா சொன்னதை முடித்த பின்னர் மேற்பரப்பைப் பற்றி யோசிக்கலாம். சுவர் டைல் நீரை உறிஞ்சும் தன்மை கொண்டது. அதன் எடையில் பத்து வீதத்துக்கும் மேலாக நீர் ஏறும். போர்சிலின் தரை டைலில் அது அரை வீதத்தைத் தாண்டாது. மேடைக்கு அதுவே பொருத்தம். வேறு வீடுகளுக்குப் போட்டு மிஞ்சிய இரண்டடிக்கு இரண்டடி டைல்கள் சில கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும்; ஒரு குசினி மேடைக்குச் சிலவே போதும், இடுக்குகளும் குறையும்.

பழைய டைலின் மேல் ஒட்டுவது, அடியிலுள்ள டைல் உறுதியாக இருந்தால் மட்டுமே சரிவரும். உங்களுடையது வெற்றொலி தருகிறது, கழற்றிவிடுங்கள். எபொக்சி பெயின்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்: சோற்றுப் பானையை இறக்கி வைத்தாலே தடம் விழும், கத்தி பட்ட இடத்தில் உரியத் தொடங்கும். பெயின்றாக அல்லாமல், டைல் இடுக்குகளை நிரப்பும் எபொக்சிக் கலவையாக இடுக்குகளில் போடுங்கள். சிங்க், அடுப்பு ஆகியவற்றைச் சுற்றியாவது அதைப் போட்டால் மஞ்சளும் புளியும் ஊறாது. மற்ற இடுக்குகளுக்குச் சாதாரண சீமெந்துப் பூச்சே போதும்.

முன் விளிம்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மேடையில் பூட்டும் திருவலையை வைத்துத்தான் நம் வீடுகளில் தேங்காய் திருவுகிறோம். அதன் திருகாணியை இறுக்கும்போது டைல் விளிம்பு சிறு சிறு செதில்களாக உடைந்து, அந்த வழியாகவே நீர் உள்ளே போகிறது. மேலும் கீழும் பலகைத் துண்டு வைத்துப் பூட்டுங்கள். முடிந்தால் திருவலையைத் தனி மேசைக்கு மாற்றுங்கள்.

உப்புவெளி வாசி:
இருவருக்கும் மிக்க நன்றி. தட்டிப் பார்த்தேன், வட்டங்கள் சிங்கைச் சுற்றி மட்டுமே விழுந்தன, மற்ற இடமெல்லாம் கெட்டியாக ஒலிக்கிறது. எவர்சில்வர் சிங்க் இன்னும் நன்றாகவே இருக்கிறது. அதைக் கழற்றாமல் வேலையை முடிக்கலாமா?

தம்பலகாமம் மேசன்:
கழற்றியே ஆக வேண்டும். கசிவு அதன் ஓரத்தில்தான் தொடங்கியிருக்கிறது. சிங்க் இறங்க மேடையில் வெட்டிய துவாரத்தின் உட்சுவரில் கொங்கிறீட் பூச்சில்லாமல் வெறுமையாகத் தெரியும். அதற்கு நீர் புகாத பூச்சை இரண்டு தரம் பூசிக் காயவிட்டு, பூஞ்சணம் பிடிக்காத சிலிக்கனை விளிம்பைச் சுற்றி இடைவிடாமல் இட்டு, அதன்மேல் அதே சிங்கை அமர்த்துங்கள். புதிது வாங்கும் செலவு மிச்சம். சிலிக்கன் இறுகிய மறுநாள், கபேட்டுக்குள் பழைய பத்திரிகைத் தாளை விரித்து, சிங்கை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். ஓரங்களிலும் நீர் ஊற்றுங்கள். தாளில் ஒரு சொட்டும் விழாவிட்டால் கபேட் கதவை மாட்டலாம். வாடைமழை ஒக்டோபரில் தொடங்குமுன் இதை முடித்துக்கொண்டால் சிலாப் நன்றாக உலர்ந்திருக்கும்.