பெரிய ஆசிரியர் யார், வாகனோவாவா பாலன்சினா?

சுழலும்கால்:
பாலே என்னும் ஐரோப்பியச் செவ்வியல் நடனத்தில் ஒரே ஒரு ஆசிரியரைச் சொல்லச் சொன்னால் அக்ரிப்பினா வாகனோவாதான். மேடையில் அவருக்கு மரியாதை தாமதமாகத்தான் கிடைத்தது. 1915இல் பாலரினா, அதாவது முதன்மை நடனக்காரி என்ற பட்டம், அடுத்த வருடமே ஓய்வு. அப்புறம் 1921இலிருந்து பெத்ரோகிராட் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) பாலே பள்ளியில் பாடம் எடுத்து செம்யோனோவா, உலனோவா, துதின்ஸ்கயா என்று நட்சத்திர நடனக்காரிகளை வரிசையாக ஆளாக்கிவிட்டார். நடன அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்சினைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறவர்கள் நடனம் அமைப்பதையும் கற்றுக்கொடுப்பதையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

கடைசிவரிசை:
பாலன்சினுக்கு இரண்டும் ஒன்றுதானே! 1934 ஜனவரியில் நியூயார்க்கில் பள்ளி திறந்தார், அந்த மாணவிகளை வைத்தே ‘செரனேட்’ என்ற பாலேயை அமைத்தார். முதல் நாள் 17 பெண்கள் வந்தார்கள், 17 பேருக்கு அமைத்தார்; மறுநாள் வந்தது 9 பேர், 9 பேருக்கு அமைத்தார். ஒருத்தி தாமதமாக வந்தாள், ஒருத்தி விழுந்து அழுதாள், இரண்டும் நடனத்துக்குள்ளேயே போய்விட்டன. இவர் ஆசிரியர் இல்லையா?

சுழலும்கால்:
அழகான கதைதான், ஆனால் அது அமைப்பாளரின் சாமர்த்தியம். வாகனோவா கால்களை மட்டும் பார்க்காமல் முதுகு, தலை, கை எல்லாம் ஒரே அசைவில் சேரவேண்டும் என்று சொல்லிக்கொடுத்து, அதை 1934இல் புத்தகமாகவும் எழுதிவைத்ததால், அவரைப் பார்த்தே இராத ஆசிரியர்கள் இன்றும் அதை வைத்துப் பாடம் நடத்துகிறார்கள். பாலன்சின் படித்ததும் அதே பள்ளிதான்.

கடைசிவரிசை:
அதே பள்ளிதான், சரி. ஆனால் அவர் படித்து முடித்ததே 1921இல். வாகனோவா கணக்கில் அவரைச் சேர்க்காதீர்கள். தவிர, பிருவெட்டுக்கு (ஒற்றைக்காலில் சுழல்வது) முன் பின்னங்காலை மடக்காமல் நீட்டி நிற்பது, அரபெஸ்கில் (ஒரு காலில் நின்று மறுகாலைப் பின்னால் நீட்டுவது) இடுப்பைத் திறந்துவிடுவது என்ற பாலன்சின் பாணியையெல்லாம் வாகனோவா வகுப்பில் செய்தால் திட்டுதான் விழும்.

மண்தரை:
பாலேயை விட்டு வெளியே வரவே மாட்டீர்களா? அமெரிக்க நவீன நடனத்தின் முன்னோடி மார்த்தா கிரகாமின் வகுப்பு தரையில் உட்கார்ந்து தொடங்கும். மூச்சை விடும்போது அடிவயிறு உள்வாங்கி முதுகு வளையும், இழுக்கும்போது நிமிரும், மற்றதெல்லாம் அதிலிருந்துதான். அவரிடம் ஆடிய மெர்ஸ் கன்னிங்காமும் பால் டெய்லரும் விலகித் தங்கள் குழுக்களோடு தனிவழி போனார்கள்; கன்னிங்காம் கதை, உணர்ச்சி எல்லாவற்றையும் கழற்றியே விட்டார். உலனோவா யாரை மீறினார்?

சுழலும்கால்:
மீறினால்தான் நல்ல மாணவரா? கன்னிங்காம் தன் வழியில் போனதற்கு கிரகாமுக்கு ஏன் மாலை போடவேண்டும்?

மண்தரை:
மீறுவதற்கு முதலில் ஒரு ஒழுங்கு உடம்பில் ஏறியிருக்க வேண்டுமே, அதை ஏற்றியது யார்?

கடைசிவரிசை:
அப்படிப் பார்த்தால் பாலன்சினுக்குப் பாடம் எடுத்த கெர்ட், ஆந்த்ரியானோவ் இருவருக்காகவும் நாம் சண்டை போட்டிருக்க வேண்டும். இதுவரை ஒருத்தரும் அவர்கள் பெயரையே எடுக்கவில்லை, நான் உட்பட.