தாக்குதலுக்கு மறுநாள்: இஸ்ரேல்–பாலஸ்தீன ஒப்பந்தங்கள் ஏன் அங்கேயே முறிகின்றன?

அடையாறு வாசகர் வட்டம் கேட்டது:

வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தின் அடுத்த கூட்டத்துக்கு இஸ்ரேல்–பாலஸ்தீனப் பிரச்சினையை எடுத்திருக்கிறோம். மூன்று மணி நேரம், இருபது பேர் வரை வருவார்கள். "யார் முதலில் ஆரம்பித்தது" என்று தொடங்கினால் விடிய விடியப் பேசினாலும் தீராது. வள்ளுவர் கோட்டத்து ஆர்ப்பாட்டங்களில் கேட்கும் முழக்கங்கள் எல்லோருக்கும் தெரியும், அதற்கு அடுத்த படியைத்தான் யாரும் பேசுவதில்லை. ஆகவே ஒரே கேள்வி: கையெழுத்தான ஒப்பந்தங்கள் ஏன் நிலைக்கவில்லை? அடுத்ததில் என்ன இருந்தால் பழிக்குப் பழி நிற்கும்?

இன்னொன்று. சென்னையில் இந்தப் பேச்சை எடுத்தால் யாராவது ஒருவர் இலங்கை அரசுக்கும் புலிகளுக்கும் நார்வே முன்நின்று செய்த 2002 போர்நிறுத்த ஒப்பந்தத்தைக் கட்டாயம் இழுப்பார். ஒப்பிடலாமா?

மாங்கொல்லை:

எந்த ஒப்பந்தம் போட்டாலும் அதைப் பிடிக்காத ஒரு குழு குண்டு வைக்கும். வைக்கும் என்று தெரிந்தேதான் எழுத வேண்டும். மறுநாள் காலையில் யார், என்ன செய்வது என்று அதிலேயே எழுதியிருக்கிறதா? நான் முதலில் தேடுவது இதைத்தான்.

இஸ்ரேலும் பாலஸ்தீன விடுதலை இயக்கமும் போட்ட ஓஸ்லோ ஒப்பந்தம் 1993 செப்டம்பர் 13. ஐந்து மாதத்தில், 1994 பிப்ரவரி 25 அன்று, மேற்குக் கரையின் ஹெப்ரான் நகரில், இப்ராஹிமி மசூதியில் ரமலான் தொழுகையில் இருந்த 29 பேரை பாரூக் கோல்ட்ஸ்டீன் என்ற குடியேறி (இஸ்ரேல் பிடித்த பாலஸ்தீன நிலத்தில் குடியேறிய யூதர்) சுட்டுக் கொன்றார். ஹெப்ரானுக்குள் இருந்த குடியேறிகளை அப்புறப்படுத்தலாமா என்று இஸ்ரேல் பிரதமர் ராபினின் அரசு யோசித்தது, செய்யவில்லை. ஊரடங்கு விழுந்தது பாலஸ்தீனர்கள் மீது. சரியாக நாற்பதாம் நாள், ஏப்ரல் 6, அஃபூலாவில் ஹமாஸின் கார்குண்டு வெடித்தது. 1995 நவம்பர் 4 அன்று ராபினை ஒரு யூதத் தீவிரவாதியே கொன்றார். 1996 ஜனவரியில் ஹமாஸின் வெடிகுண்டு நிபுணர் யஹ்யா அய்யாஷை இஸ்ரேல் கைப்பேசிக்குள் குண்டு வைத்துக் கொன்றது. பிப்ரவரி, மார்ச்சில் ஜெருசலேம் பேருந்துகளிலும் டெல் அவிவிலும் குண்டுகள் வெடித்தன. மே மாதத் தேர்தலில் முப்பதாயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில், ஓஸ்லோவை எதிர்த்த நெதன்யாகு வென்றார். இத்தனை நாட்களில் ஒரு நாளுக்குக்கூட முன்கூட்டியே ஒப்புக்கொண்ட நடைமுறை கிடையாது. ஒவ்வொரு முறையும் அன்றைய கோபம்தான் முடிவெடுத்தது.

வட அயர்லாந்தைப் பாருங்கள். புனித வெள்ளி ஒப்பந்தம் 1998 ஏப்ரல் 10. ஆகஸ்ட் 15 அன்று, பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஆயுத இயக்கமான ஐ.ஆர்.ஏ.விலிருந்து பிரிந்த குழு ஓமா நகரில் வைத்த குண்டில் 29 பேர் இறந்தார்கள். ஒப்பந்தம் நின்றது. மே மாத வாக்கெடுப்பில் 71 சதவீதம் பேர் ஏற்றிருந்தார்கள். ஐ.ஆர்.ஏ.வின் அரசியல் முகமான ஷின் ஃபைன் கட்சிக்கு அதற்குள் சட்டசபையில் இடங்கள் இருந்தன, சிறையிலிருந்து தன் ஆட்கள் வெளியே வர வேண்டியிருந்தது. ஆகவே அந்தக் குண்டை வெளிப்படையாகக் கண்டித்தது. தண்டனைக்கும் முன்மாதிரி இருந்தது: அந்த ஆண்டு பிப்ரவரியில் ஐ.ஆர்.ஏ. செய்த கொலைகளுக்காக ஷின் ஃபைனைப் பேச்சிலிருந்து சில வாரங்கள் வெளியே வைத்தார்கள், திரும்பி வரும் தேதியோடு. கதவைச் சாத்தினார்கள், பூட்டவில்லை.

எழுத வேண்டிய பிரிவு என் கணக்கில் இப்படி: 72 மணி நேரத்துக்குள் மூன்றாம் தரப்பு யார் செய்தது என்று சொல்ல வேண்டும். தண்டனை அந்த அமைப்புக்கு மட்டும், ஊருக்கல்ல. தண்டனைக்கு முடிவுத் தேதி வேண்டும். தேதி குறித்த கைதி விடுதலையும் படை விலக்கமும் எதற்காகவும் நிற்கக்கூடாது.

வடபழனி வரைபடம்:

மரவேலை செய்பவர்களுக்குத் தெரியும், பலகை உடையாது, மூட்டுதான் பிரியும். கட்டம் கட்டமாக எழுதும் ஒப்பந்தமும் அப்படித்தான், இரண்டு கட்டங்கள் சேரும் இடத்தில் பிரிகிறது.

2025 ஜனவரி 19 காசா போர்நிறுத்தம் மூன்று கட்டம். முதல் கட்டம் 42 நாள், 33 பணயக்கைதிகள். இரண்டாம் கட்டத்தை 16ஆம் நாளிலிருந்து பேசி முடிவு செய்ய வேண்டும். பேச்சு நகராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உறுதியான பதில் இல்லை. மார்ச் 2 அன்று இஸ்ரேல் உதவிப் பொருட்களை நிறுத்தியது. மார்ச் 18 அதிகாலை குண்டுவீச்சில் 400க்கும் மேற்பட்டோர் இறந்ததாக காசா சுகாதாரத் துறை சொன்னது. ஓஸ்லோவிலும் இதே கோளாறு. ஜெருசலேம், அகதிகள், எல்லை, குடியேற்றங்கள் எல்லாவற்றையும் ஐந்தாண்டுக்குள் பேசி முடிக்கலாம் என்று தள்ளிவைத்தார்கள். 1999 மே வந்தது, போனது.

தள்ளிவைத்த காலத்தில் நிலம் சும்மா இருக்கவில்லை. 1995 ஒப்பந்தம் மேற்குக் கரையை ஏ, பி, சி என்று பிரித்தது. ஏ பாலஸ்தீன நிர்வாகத்தின் கையில், பி-யில் நிர்வாகம் மட்டும் அவர்களிடம், பாதுகாப்பு இஸ்ரேலிடம். 2000-க்குள் இவை சுமார் 18, 22, 60 சதவீதம் ஆயின. 60 சதவீதமான சி பகுதி முழுக்க இஸ்ரேல் கையில். கிழக்கு ஜெருசலேம் சேர்க்காமல் 1993-ல் சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம் குடியேறிகள் இருந்தார்கள், 2000-க்குள் 1 லட்சத்து 90 ஆயிரத்தை ஒட்டி வந்துவிட்டார்கள். இப்போது 5 லட்சத்தையும் தாண்டிவிட்டது. பேச்சு நடக்கும்போதே பேசப்படும் பொருள் கரைந்தால் மறுதரப்பு எதை நம்பி உட்காரும்?

சினாயை ஒப்பிடுங்கள். 1979 மார்ச் 26 இஸ்ரேல்–எகிப்து உடன்படிக்கையில் கடைசி எல்லைக்கோடு முதல் நாளே எழுதப்பட்டது: மூன்று ஆண்டுக்குள் முழு விலக்கம், எந்த மண்டலத்தில் எவ்வளவு படை என்ற உச்சவரம்பு. 1981 அக்டோபர் 6-ல் அதில் கையெழுத்திட்ட எகிப்து அதிபர் சாதத் கொல்லப்பட்டார். அப்படியும் 1982 ஏப்ரல் 25-ல், சொன்ன கெடுவுக்குள், சினாய் எகிப்திடம் போனது. ராபின் கொலையோடு வைத்துப் பாருங்கள், வித்தியாசம் புரியும்.

பணத்தையும் விடாதீர்கள். 1994 பாரிஸ் நெறிமுறைப்படி பாலஸ்தீன ஆணையத்துக்கான (ஓஸ்லோவில் உருவான பாலஸ்தீன நிர்வாகம்) சுங்க வரியை இஸ்ரேல் வசூலித்து, 3 சதவீதம் பிடித்துக்கொண்டு மாதாமாதம் தர வேண்டும். ஆணையத்தின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இதுதான். கோபம் வந்தால் நிறுத்திவைக்கிறார்கள். அடுத்த தாக்குதலைத் தடுக்க வேண்டிய காவலருக்கே அப்போது பாதிச் சம்பளம். 2024 ஜனவரியில் காசா பங்கை நார்வே பொறுப்பில் வைக்க ஏற்பாடு செய்தார்கள். முழுத் தொகையையும் அப்படி மூன்றாம் தரப்புக் கணக்கு வழியாக அனுப்ப வேண்டும்.

கோட்டூர்புரம் நூலகத்தார்:

2002 ஒப்பீடு பற்றி. கண்காணிப்பு என்ற ஒரு விஷயத்துக்கு மட்டும் ஒப்பிடுங்கள், அதற்கு மிகவும் பயன்படும்.

இலங்கையில் ஐந்து நார்டிக் நாட்டுக் கண்காணிப்பாளர்கள் ஆயுதமின்றி வந்தார்கள், மீறல்களை எண்ணினார்கள், தண்டிக்க அதிகாரம் இல்லை. 2006-ல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடை செய்ததும், ஒன்றியத்து நாட்டவர் இருக்கக்கூடாது என்று புலிகள் சொல்ல, சுவீடன், டென்மார்க், பின்லாந்து போயின. 2008 ஜனவரியில் அரசு ஒப்பந்தத்தையே கைவிட்டது. ஹெப்ரானிலும் 1997 முதல் நார்வே தலைமையில் ஆறு நாட்டுக் குழு இருந்தது. அவர்களிடமும் ஆயுதம் இல்லை, அறிக்கைகள் பொதுவெளிக்கு வரவில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அனுமதி புதுப்பிக்க வேண்டும். 2019 ஜனவரியில் நெதன்யாகு புதுப்பிக்க மறுத்தார், குழு கிளம்பியது. ஒரு தரப்பின் கையெழுத்தில் கண்காணிப்பின் உயிர் இருக்கக்கூடாது. அறிக்கை வாராவாரம் அச்சில் வர வேண்டும்.

ஒப்பீடு அதற்கு மேல் தாங்காது. இலங்கையில் இரு தரப்பும் ஒரே நாட்டுக் குடிமக்கள்; மேற்குக் கரைப் பாலஸ்தீனர்கள் இஸ்ரேல் குடிமக்கள் இல்லை. ஒரே மலையில் அவர்களுக்கு இராணுவ நீதிமன்றம், பக்கத்துக் குடியேறிக்குச் சாதாரண நீதிமன்றம்.

ஆயுதக் களைவுக்கு மறுபடி அயர்லாந்துதான். ஐ.ஆர்.ஏ. ஆயுதங்களை முழுக்க ஒப்படைக்க 2005 வரை, ஏழு ஆண்டு ஆயிற்று. 2004-ல் புகைப்படம் எடுத்தே ஆக வேண்டும் என்று எதிர்த்தரப்பு அடம்பிடித்ததால் ஓர் உடன்பாடே கைநழுவியது. பிறகு படம் இல்லாமல், ஒரு கத்தோலிக்கப் பாதிரியாரும் ஒரு மெதடிஸ்ட் போதகரும் சாட்சியாக நிற்க, முடிந்தது. 2025 நவம்பர் 17-ல் பாதுகாப்பு அவையின் தீர்மானம் 2803 காசாவுக்குப் பன்னாட்டுப் படையை அனுமதித்தது, ஆயுதக் களைவும் அதன் பொறுப்பில் வருகிறது. துப்பாக்கியைக் கீழே வைப்பவன் கேட்பது இரண்டுதான்: நாளை என்னை யார் காப்பாற்றுவார், என் சம்பளம் எங்கிருந்து வரும்? இதற்குப் பதில் இல்லாமல் ஆயுதப் பெட்டிகளை எண்ண முடியாது.

திருவல்லிக்கேணி கடற்கரை:

எல்லோரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் ஒன்று உறுத்துகிறது. "தாக்குதல்" என்றதும் குண்டு வெடிப்பை மட்டும் எண்ணுகிறோம். 2023 அக்டோபர் 7-ல் சுமார் 1,200 பேரைக் கொன்று 251 பேரைப் பிடித்துச் சென்றது கொடுமை, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. காசாவில் அதன்பின் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இவை செய்தியாகின்றன. ஒலிவ மரங்களை வெட்டுவதும், சி பகுதியில் உரிமம் இல்லை என்று வீட்டை இடிப்பதும், சோதனைச் சாவடியில் நிறுத்திவைப்பதும் தினம் நடக்கின்றன, ஒப்பந்தங்கள் பெரும்பாலும் அவற்றை மீறல் என்று எண்ணுவதில்லை. அந்த ஆக்கிரமிப்பே சட்டவிரோதம் என்று 2024 ஜூலை 19-ல் சர்வதேச நீதிமன்றம் கருத்துரைத்தது. மீறல் பட்டியலில் இவை முதல் பக்கத்தில் வராவிட்டால், பாலஸ்தீனர் கண்ணில் அந்தப் பட்டியல் எதிரியின் கணக்குப் புத்தகம்.

மாங்கொல்லை:

ஒப்புக்கொள்கிறேன் தோழர். 72 மணி நேர விதி வீடு இடிப்புக்கும் பொருந்த வேண்டும். என் பிரிவில் அது விடுபட்டுவிட்டது.

அடையாறு வாசகர் வட்டம்:

எல்லோருக்கும் நன்றி. இதை இருபது பேரிடம் எப்படிக் கொண்டுபோவது? அங்கே இரு தரப்பு மக்களும் சேர்ந்து செய்யும் முயற்சிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள்.

கோட்டூர்புரம் நூலகத்தார்:

முதல் 30 நிமிடம் வரைபடம் மட்டும். ஏ, பி, சி பகுதிகளை மூன்று நிறத்தில் ஏ3 தாளில் அச்சிட்டு நாலு பேருக்கு ஒன்று கொடுங்கள். அடுத்து 70 நிமிடம் பயிற்சி: ஐந்து குழு, குழுவுக்கு நாலு பேர். இஸ்ரேல் அமைச்சரவை, பாலஸ்தீன ஆணையம், ஹமாஸ், கண்காணிப்புக் குழு, இரு பக்கமும் பிள்ளையை இழந்த குடும்பங்கள். நீங்கள் ஒரு தாக்குதலை அறிவியுங்கள். 40 நிமிடத்தில் ஒவ்வொரு குழுவும் மறுநாள் காலை அறிக்கையை எழுத வேண்டும். மீதி 30 நிமிடத்தில் குடியேறிகள் செய்த தாக்குதல் என்று மாற்றி அதையே எழுதச் சொல்லுங்கள். இரண்டு அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிட்டு, தேநீருக்குப் பின் மீதி நேரம் முழுக்க அவற்றைப் பேசுங்கள். பாலஸ்தீன ஆதரவாளர்களை அமைச்சரவையில் போடுங்கள், எதிர்ப்பக்கத்தவரை ஆணையத்தில் போடுங்கள். பிடித்த பக்கத்தையே கொடுத்தால் பட்டிமன்றமாகிவிடும்.

குடும்பங்கள் குழுவுக்கு, 1995-ல் தொடங்கிய பெற்றோர் வட்டத்தைப் பற்றி ஒரு பக்கம் கொடுங்கள். இரு தரப்பிலும் உறவினரைப் பறிகொடுத்த 600-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் அதில் உண்டு. 2006 முதல் முன்னாள் போராளிகளின் அமைப்போடு சேர்ந்து ஆண்டுதோறும் கூட்டு நினைவேந்தல் நடத்துகிறார்கள். 2018-ல் மேற்குக் கரையிலிருந்து வருவோருக்கு அரசு அனுமதி மறுத்தது, உச்ச நீதிமன்றம் போய் வாங்கினார்கள். இத்தகைய சந்திப்புகள் பழுதாவது பெரும்பாலும் மொழியில்: எல்லாம் ஹீப்ருவில் நடந்தால் பாலஸ்தீனர் விருந்தாளி ஆகிவிடுகிறார். அறைக்கு இரண்டு நடத்துநர், முழு நேர மொழிபெயர்ப்பு, சம எண்ணிக்கை வேண்டும்.

பணமும் சேர்த்துச் சொல்லுங்கள். அயர்லாந்துக்கான பன்னாட்டு நிதி 1986-ல், ஒப்பந்தத்துக்குப் பன்னிரண்டு ஆண்டு முன்பே தொடங்கியது. இஸ்ரேல்–பாலஸ்தீன மக்கள் சந்திப்புகளுக்கு அமெரிக்கா 2020-ல்தான் ஐந்தாண்டுக்கு 25 கோடி டாலர் சட்டம் போட்டது, அதில் பெரும்பகுதியை நடத்திய அமெரிக்க அரசு உதவி நிறுவனமான யுஎஸ்எய்ட் 2025-ல் மூடப்பட்டது.

ஏ3 வரைபடத்தை ஐ.நா.வின் மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகத் தளத்திலிருந்து எடுங்கள். இடப்பெயர்களை மட்டும் முந்தின நாளே தமிழில் எழுதி ஒட்டிவிடுங்கள்.