குன்னூரில் செக்யூரிட்டி ஆட்களுக்குக் கணினிக் குற்றப் பயிற்சி: உதவி தேவை

வணக்கம். குன்னூர், கோத்தகிரி தேயிலைத் தொழிற்சாலைக் காவலர்களுக்கு, உள்ளாட்களே செய்யும் கணினி மோசடியை விசாரிக்கப் பயிற்சி தர இருக்கிறோம். பச்சை இலை எடைக் கணக்கைத் திருத்துவது, ஏல விலை விவரத்தைப் பென் டிரைவில் கடத்துவது மாதிரியானவை.

தடயம் கெடுவது பெரும்பாலும் முதலில் போய் நிற்பவர் கையால்தான். ஓடும் கணினியை அணைத்தால் ரேமில் (தற்காலிக நினைவகத்தில்) உள்ளது போய்விடும். பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுப் பூட்டு) இருந்தால், அணைத்தபின் கடவுச்சொல்லோ மீட்புச் சாவியோ இல்லாமல் வட்டு திறக்காமல் போகலாம். 'சும்மா பார்ப்போம்' என்று ஃபைலைத் திறந்தாலே நேரக்குறிப்பு மாறலாம். ஆளை விலக்கி, திரையைப் படமெடுத்து, நெட்வொர்க் கேபிளைக் கழற்றி, நேரத்தோடு பதிவேட்டில் எழுதினால் போதும். வட்டை நகலெடுப்பது காவலர் வேலையே இல்லை. சிசிடிவி பதிவை மட்டும் அன்றே எடுக்கச் சொல்ல வேண்டும். டிவிஆர் (பதிவுக் கருவி) பழையதன்மேல் எழுதிவிடும்.

இரவலாக ஒரு ரைட் பிளாக்கர் (வட்டில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் கருவி), பழைய லேப்டாப் மூன்று கிடைக்குமா? ஹார்ட் டிஸ்க் உள்ளதாக இருக்கட்டும். எஸ்எஸ்டியில் டிரிம் (அழித்த இடத்தைத் துடைக்கும் வசதி) ஓடினால் அழித்த ஃபைலை மீட்டுக் காட்ட முடியாது.

பாரதிய சாக்ஷிய அதிநியம் 2023 (சாட்சியச் சட்டம்), பிரிவு 63(4)-இன்படி மின்னணுப் பதிவுக்குத் தரும் சான்றிதழின் இரு பகுதிகளையும் ஹாஷ் மதிப்போடு (ஃபைலின் கைரேகை போன்ற எண்) நிரப்பக் கற்றுத்தர ஒரு வழக்கறிஞரும் வேண்டும். ஊட்டியிலோ மேட்டுப்பாளையத்திலோ யாராவது இருந்தால் சொல்லுங்கள். போக்குவரத்துச் செலவு எங்களுடையது.