‘கேஷ் ஆன் டிமாண்ட்’ முழுப் பிரதி யாரிடமாவது இருக்கிறதா?

நண்பர்களே, ஓர் உதவி. ஹாமர் என்ற பிரிட்டிஷ் படநிறுவனம் 1961-ல் எடுத்த ‘கேஷ் ஆன் டிமாண்ட்’ என்ற கறுப்பு வெள்ளைப் படத்தின் முழுநீளப் பிரதியைத் தேடுகிறேன். பிரிட்டனில் 1963-ல் வெட்டிச் சுருக்கி வெளியிட்டார்கள். என்னிடம் இருப்பது அதுதான்.

கிறிஸ்துமஸ் நெருங்கும் நேரம், சின்ன ஊர் வங்கி. கிட்டத்தட்ட மொத்தப் படமும் அதற்குள்ளேயே முடிந்துவிடும். பெரிய செலவே இல்லை. ஆனால் பீட்டர் குஷிங்! ஊழியர்களிடம் அவ்வளவு கறாராக இருந்த மேலாளர், மனைவிக்கும் மகனுக்கும் ஆபத்து என்றதும் வியர்த்து ஒடுங்கிப்போகும் அந்த முகம்... வங்கியைக் கொள்ளையடிக்க வருபவராக ஆந்த்ரே மொரெல் குரலை உயர்த்தாமலே மிரட்டுவார்.

அப்பாவோடு பார்க்க வேண்டும். அவருக்குக் காது சரியாகக் கேட்காது, அதனால் ஆங்கில சப்டைட்டிலும் இருந்தால் நல்லது. டிவிடி, ப்ளூரே எதுவானாலும் சரி, எங்கே கிடைக்கும் என்று சொல்லுங்கள்.