தோட்டாவை நாமே நிரப்பினால் காசு மிச்சமா?

செந்தூல் குமரன்:
கிரீன் கார்டு கைக்கு வந்துவிட்டது. தைப்பூசம் முடிந்ததும் குடும்பத்தோடு டெக்சஸ் போகிறோம். அங்கே இருக்கும் மச்சான் வாரக் கடைசியானால் சுடுதளத்தில்தான் இருப்பார். சுட்டுப்போட்ட பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, புது பிரைமர் (அடியில் பொறி தட்டும் சின்ன மூடி), வெடிமருந்து, குண்டு வைத்து வீட்டிலேயே திரும்ப நிரப்புகிறார். "பாதி விலைதான், நீயும் ஆரம்பி" என்கிறார். 300 டாலருக்குள் தொடங்க முடியுமா? 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி ஒன்று, பிறகு ஒரு .308 ரைபிள், இவ்வளவுதான் ஆசை.

பாகான் பெரியவர்:
தம்பி, அங்கே போய் என்னவோ செய்யுங்கள். படித்துவிட்டு இங்கே யாரும் கை வைத்துவிடாதீர்கள், அதற்காகத்தான் எழுதுகிறேன். மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் ஒரு தோட்டா வைத்திருந்தாலே ஏழு ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். தயாரிப்பது அதைவிடப் பெரிய குற்றம். எங்கள் காலத்தில் இன்னும் மோசம். ஐஎஸ்ஏ என்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாப்புப் பகுதி என்று அறிவித்த இடத்தில் தோட்டாவோடு பிடிபட்டால் தூக்குதான். 2012இல்தான் அந்தச் சட்டம் போனது. அப்புறம், லீவுக்கு வரும்போது ஞாபகார்த்தமாக ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். வெறும் கூடானாலும் கேஎல்ஐஏ விமான நிலைய எக்ஸ்ரேக்குப் பக்கத்தில் நின்று பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸ் வாசன்:
கிரீன் கார்டு என்பதால் குமரனுக்குப் பிரச்சினை இல்லை. வேலை விசா, மாணவர் விசாவில் போகிறவர்கள் கவனிக்க வேண்டும். அமெரிக்க மத்தியச் சட்டம் அவர்களுக்குத் துப்பாக்கியும் தோட்டாவும் கூடாது என்கிறது. வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு.

சுபாங் பிஸ்டல்:
நான் இங்கே கிளப்பில் சுடுகிறவன், அமெரிக்க விலைவாசியையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். மச்சான் சொல்லும் "பாதி விலை" 9 மில்லிமீட்டருக்குப் பொருந்தாது. கடையில் ஒரு தோட்டா ஏறக்குறைய 25 சென்ட். பிரைமர், குண்டு, மருந்து எல்லாம் தனித்தனியாக வாங்கினால் 20 சென்ட் பக்கம் வந்து நிற்கும், அதுவும் கூடு ஓசி என்றால். ஐந்து சென்ட் மிச்சத்தில் 300 டாலர் சாமானுக்குப் போட்ட பணம் திரும்ப 6,000 தோட்டா சுட வேண்டும். குடும்பத்தை வைத்துக்கொண்டு எப்போது சுடப்போகிறார்? காசு முக்கியம் என்றால் .22 ரைபிள் வாங்கட்டும். அதன் தோட்டாவைத் திரும்ப நிரப்பவும் முடியாது, நிரப்பத் தேவையும் இல்லை, அவ்வளவு மலிவு.

டல்லாஸ் ரவி:
பினாங்கு டத்தோ கெராமாட்டில் பிறந்து வளர்ந்தவன், டல்லாஸில் பல வருஷமாக இதே வேலை. பிஸ்டல் அண்ணன் வசதியாக .308ஐ விட்டுவிட்டார். குறி தவறாத தரமான தோட்டா கடையில் ஒன்றரை டாலர் ஆகிறது. நான் 80 சென்ட்டுக்குள் முடிக்கிறேன். அதே 300 டாலர் 430 தோட்டாவில் திரும்பிவிடும். தோட்டாவிலேயே விலை கூடியது அந்தப் பித்தளைக் கூடுதான், அதைத்தான் நாம் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறோம்.

குமரன், கைப்பிடியை இழுத்தால் கூட்டை அழுத்தித் தரும் பிரஸ் மெஷினில், ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரே வேலை செய்கிற சாதாரண வகை போதும். லீ கம்பெனி பிரஸ் மலிவு, குறை சொல்ல முடியாது. பழையதாகக் கிடைத்தாலும் வாங்கலாம், வார்ப்பிரும்பு தேயாது. அதோடு உங்கள் தோட்டா அளவுக்கு டை செட் (கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சு), தராசு, நீளம் அளக்கும் காலிப்பர், 50 கூடு நிற்கிற பலகை, புனல், மருந்து அளவு போட்ட கையேடு ஒன்று. கூடு மெருகேற்றும் மெஷின், டிஜிட்டல் சமாச்சாரம் எல்லாம் பிறகு.

சுபாங் பிஸ்டல்:
ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தோட்டா வரும் அந்த பிரஸ்ஸில்? நூறுகூடத் தேறாது. அந்த நேரத்துக்கு விலை போடவில்லையே?

டல்லாஸ் ரவி:
டிவி பார்க்கிற நேரம்தான் அது.

சுபாங் பிஸ்டல்:
டிவி பார்த்துக்கொண்டு செய்யக் கூடாத வேலை அது! சொல்ல வந்ததே அதுதான். மருந்தை நிறுப்பது கிரெயின் கணக்கில். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். ஒரு கிரெயின் நம் பாட்டிமார் தங்கம் நிறுத்த குன்றிமணியில் ஏறக்குறைய பாதி. கைத்துப்பாக்கித் தோட்டாவில் மருந்து கூட்டின் அடியில்தான் கிடக்கும், தவறி இரண்டு முறை ஊற்றினாலும் வழியாது, கண்ணில் படாது. சுடும்போது கையோடு வெடிக்கும். மருந்தே போடாமல் விட்டால் இன்னொரு வினை. பிரைமர் மட்டும் "டப்" என்று சன்னமாகச் சத்தம் போட்டு, குண்டைக் குழலுக்குள் தள்ளி நிறுத்திவிடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். பட்ஜெட் பார்க்கிறவர் முதலில் கை வைப்பது தராசில். அந்தப் பயம்தான் எனக்கு.

டல்லாஸ் ரவி:
தராசு விஷயத்தில் அண்ணன் சொல்வது சரி. இருபது டாலர் டிஜிட்டல் தராசு ஏசி காற்றுக்கே எண் மாறும். பழைய கோல் தராசு வாங்குங்கள், பேட்டரி தேவையில்லை, சோதிக்க எடைக்கல் ஒன்று கூட வைத்துக்கொள்ளுங்கள். மற்றதற்கெல்லாம் வழி இருக்கிறது. 50 கூட்டையும் பலகையில் நிறுத்தி மருந்து ஊற்றியதும், குண்டு வைக்கும் முன் டார்ச் அடித்து வரிசை வரிசையாகப் பார்ப்பேன். ஒன்றில் மட்டம் ஏறி இறங்கியிருந்தாலும் உடனே தெரியும். மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். சுடும்போது சத்தம் குறைவாகக் கேட்டால் அங்கேயே நிறுத்திக் குழலைப் பார்க்க வேண்டும். கையேட்டில் போட்டிருக்கும் குறைந்த அளவில்தான் தொடங்க வேண்டும். நண்பர் சொன்ன அளவு, இணையத்தில் பார்த்த அளவு எதுவும் வேண்டாம், மச்சான் சொன்னாலும் சரி.

ரைபிள் கூட்டுக்கு இன்னொன்று. பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் வளைத்து, கூட்டுக்குள் விட்டு அடிப்பக்கத்துச் சுவரை வருடிப் பாருங்கள். வழுவழுவென்று போய்க்கொண்டிருந்த நுனி ஓரிடத்தில் பள்ளத்தில் இடறினால் உள்ளே பித்தளை மெலிந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த தடவை அந்த இடத்தில் இரண்டாகப் பிரியும். குப்பையில் போடுங்கள். இந்தக் கருவிக்கு விலை கிடையாது பாருங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் வாசன்:
சுத்தியலால் தட்டியே நிரப்புகிற லீ லோடர் என்று ஒன்று பார்த்தேன். இன்னும் மலிவு. அது போதாதா?

டல்லாஸ் ரவி:
போதும், வேலையும் நடக்கும். ஆனால் பிரைமரைத் தட்டி உட்கார வைக்கும்போது எப்போதாவது ஒன்று வெடிக்கும். கண்ணாடி போடாமல் தொடாதீர்கள். எனக்கு அது பிடிக்காது.

செந்தூல் குமரன்:
நன்றி அண்ணன்மார்களே. பெண்ணுக்கு இரண்டு வயது. அபார்ட்மெண்ட் வீடு, தனி ஷெட் எல்லாம் இல்லை. அதையும் யோசித்துச் சொல்லுங்கள்.

சுபாங் பிஸ்டல்:
அப்படியானால் வேண்டவே வேண்டாம். சாதாரண பிரைமரில் ஈயம் இருக்கிறது. சுட்ட கூட்டில் ஒட்டியிருக்கும் கரியிலும் அது வரும். குலுக்கிச் சுத்தம் செய்யும்போது தூசியாகப் பறக்கும். தரையில் விளையாடுகிற, கையை வாயில் வைக்கிற குழந்தை இருக்கிற வீட்டுச் சாப்பாட்டு மேசையிலா இதைச் செய்வது?

டல்லாஸ் ரவி:
இதில் நான் எதிர்த்துப் பேச மாட்டேன். சாப்பாட்டு மேசை கூடாது. மச்சான் வீட்டு கராஜில் அவருடைய பிரஸ்ஸிலேயே பழகுங்கள். டை மட்டும் உங்களுடையது, செலவும் மிச்சம். கூட்டை ஈரமாகக் கழுவினால் தூசி பறக்காது. கையைக் கழுவி, சட்டையை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். 9 மில்லிமீட்டரைக் கடையிலேயே வாங்குங்கள், .308 வரும்போது நிரப்ப ஆரம்பிக்கலாம். அதுவரை கூடு சேர்த்துக்கொண்டே இருங்கள்.

செந்தூல் குமரன்:
சுடுதளத்தில் கிடக்கும் கூடெல்லாம் எடுக்கலாமா?

டல்லாஸ் ரவி:
முதலில் சுடுதளத்தில் கேளுங்கள், சில இடங்களில் விடமாட்டார்கள். எடுத்தவற்றில் எஃகு, அலுமினியம் இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். பித்தளைக் கூட்டுக்குள் டார்ச் அடியுங்கள். அடியில் நடுவே ஒரே ஓட்டை என்றால் பாக்ஸர் வகை, நிரப்பலாம். ஓரமாக இரண்டு சின்ன ஓட்டை என்றால் பெர்டன், நம் பிரஸ்ஸில் அந்த பிரைமரைத் தள்ளப் போனால் ஊசிதான் உடையும். இந்தப் பெயர்களுக்குரிய பெர்டன் அமெரிக்கர், பாக்ஸர் ஆங்கிலேயர். ஆனால் அமெரிக்காவில் புழங்குவது பாக்ஸர்தான், அதனால் உங்களுக்குக் கழிவு குறைவாகத்தான் இருக்கும்.