மெஷினில் இலையைக் காணோம்: உங்கள் வீட்டு ஓட்டு எப்போது மாறியது?

ஓய்வுபெற்ற டீச்சர், ராமநாதபுரம்

வேலையில் இருந்த காலத்தில் ஏழெட்டுத் தேர்தல்களில் பூத் வேலை பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் விரலில் மை வைக்கும் இடம்தான் எனக்கு. ஆயிரம் பேர் வந்து போனாலும் ஒருவர் முகம் மட்டும் நினைவில் நின்றுவிடுகிறது.

2019 ஏப்ரல் 18. ராமேசுவரம் தீவில் ஒரு பள்ளிக்கூடம். மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் எழுபதைத் தாண்டிய ஒரு ஆத்தா வந்தார். மை வைத்து அனுப்பினேன். மறைப்புக்குப் பின்னால் போனவர் ஒரு நிமிடமாகியும் வரவில்லை, பீப் சத்தமும் வரவில்லை. அப்புறம் அங்கிருந்தே குரல் வந்தது: "டீச்சர், இதுல இலையைக் காணோமே?"

ஏஜென்ட்டுகள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். தலைமை அலுவலர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "இருக்கிற சின்னத்தில் உங்களுக்குப் பிடித்ததை அழுத்துங்கம்மா" என்றார். அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லக் கூடாது.

அந்த ஆத்தா கண்ணில் கோளாறு எதுவும் இல்லை. அந்த முறை எங்கள் நாடாளுமன்றத் தொகுதியில் இரட்டை இலையும் கிடையாது, உதயசூரியனும் கிடையாது. திமுக கூட்டணியில் முஸ்லிம் லீக் ஏணியில் நின்றது, அதிமுக கூட்டணியில் பாஜக தாமரையில் நின்றது. தினகரனின் அமமுகவுக்குப் பரிசுப் பெட்டி. காலமெல்லாம் இரண்டே சின்னத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு அன்று இரண்டும் இல்லை.

கடைசியில் பீப் கேட்டது. வெளியே வந்தவர் கண் கலங்கியிருந்தது. "நாப்பது வருஷமா அதுலதான் போட்டேன் தாயி" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நம் கடற்கரைக்காரர்கள் காசுக்குப் போடுவார்கள், சாதிக்குப் போடுவார்கள் என்று வெளியூரில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். இரண்டும் இங்கே இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் ஓட்டை மாற்றும்போது ஒரு மனுஷி எவ்வளவு யோசிக்கிறாள், எவ்வளவு வலிக்கிறது என்பதை நான் கண்ணால் பார்த்தவள். அதனால்தான் கேட்கிறேன். உங்கள் வீட்டில் ஓட்டு முதல்முறை மாறியது எப்போது, எதனால்? கட்சிப் பிரச்சாரம் வேண்டாம், நடந்ததை எழுதுங்கள்.

பாம்பன் விசைப்படகு

எங்கள் அப்பாவுக்கு எம்ஜிஆர் என்றால் உயிர். 1977-ல் தொடங்கி இலைதான். 1984 டிசம்பர் 24-ல் சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் ஒரே நாளில் தேர்தல். எம்ஜிஆர் அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் இருந்தார். அப்பா விடியற்காலையில் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் பூத்துக்குப் போனார் என்று அம்மா சொல்வார். இலையில் ஒன்று குத்தினார், கையில் ஒன்று குத்தினார்.

எம்ஜிஆர் இறந்த பிறகு 1989 ஜனவரியில் இலை முடக்கப்பட்டது. ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. அப்பா எதற்கும் போடவில்லை. வாழ்க்கையில் அவர் ஓட்டுப் போடாத ஒரே தேர்தல் அதுதான். வல்லத்தை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போய்விட்டார். அந்த ஜனவரியில் ஜெயித்து ஆட்சிக்கு வந்த திமுகவுக்கு அதே வருடம் நவம்பரில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை. அதற்குள் இலை ஒன்று சேர்ந்திருந்தது, கையும் கூட இருந்தது. பத்து மாதத்தில் தமிழ்நாடே மனசு மாறிவிட்டதா என்று கேட்டால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. அப்பாவைப் போல வீட்டில் இருந்தவர்கள் திரும்பி வந்தார்கள், அவ்வளவுதான்.

என் கதை வேறு. எனக்கு எல்லாம் கடல்தான். 1974-ல் கச்சத்தீவு இலங்கைக்குப் போனபோது நாடாளுமன்றத்தில் எதிர்த்துப் பேசியவர் அப்போதைய நம் எம்பி மூக்கையாத் தேவர். அப்பா வேறு கட்சியாக இருந்தாலும் அதை மரியாதையாகச் சொல்வார். அதற்கப்புறம் ஓட்டுக் கேட்டு வந்த எல்லோரும் கச்சத்தீவைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் போனார்கள்.

2014 அக்டோபர் கடைசியில் தங்கச்சிமடத்துப் பிள்ளைகள் ஐந்து பேருக்குக் கொழும்பில் தூக்குத் தண்டனை விதித்தார்கள். தீவே கொதித்தது. அடுத்த மாதமே ஐந்து பேரும் விடுதலையாகி வந்தார்கள். டெல்லி பேசினால் நடக்கும் என்று அன்றைக்கு நம்பினேன். 2017 மார்ச்சில் தங்கச்சிமடத்து இளைஞர் ஒருவர் நடுக்கடலில் சுடப்பட்டு இறந்தபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. ஆனாலும் 2019-ல் தாமரைக்குத்தான் போட்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு என் மச்சான் படகு இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டது. ஆட்கள் வந்துவிட்டார்கள், படகு வரவில்லை. அங்கேயே நாட்டுடைமை ஆக்கிவிட்டார்கள். விசைப்படகு என்றால் ஒரு குடும்பத்தின் நிலம் மாதிரி. வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறான். 2024 மார்ச் 31-ல் பிரதமரே கச்சத்தீவைப் பற்றிப் பேசினார். ஓட்டுக்கு மூன்று வாரம்கூட இல்லை. ஐந்து வருடமாகப் படகுகள் அங்கே மக்கிக்கொண்டிருந்தபோது வராத பேச்சு அப்போது வந்தது எனக்கு வலித்தது. மாற்றிப் போட்டேன். 2023-ல் மண்டபம் மீனவர் மாநாட்டில் மீன்பிடித் தடைக்கால நிவாரணத்தை 5,000-த்திலிருந்து 8,000 ஆக்குவதாக முதல்வர் அறிவித்தார், அதற்காக மாறினாயா என்று தம்பி கேட்டான். இல்லை, படகுதான் காரணம். அவன் இன்னமும் தாமரைதான். கொழும்போடு பேச டெல்லியால் மட்டும்தான் முடியும் என்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒரே வீட்டில் ஒரே கடலைப் பார்த்து இரண்டு பேரும் இரண்டு முடிவுக்கு வந்திருக்கிறோம்.

கீழக்கரை மகள்

பாம்பன் அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு உம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் கதையை எழுதச் சொன்னார்.

வாப்பா முப்பது வருடம் துபாயில் இருந்தார். தேர்தலுக்கு முதல் நாள் இரவு போன் வரும். யாருக்குப் போட வேண்டும் என்று ஒரு வரி. உம்மா, லாத்தா, மாமி எல்லோரும் அப்படியே போட்டுவிட்டு வருவார்கள். எங்கள் தெருவில் பல வீடுகளில் அதுதான் வழக்கம். ஆண்கள் பாதிப் பேர் வெளிநாட்டில், வரிசையில் நிற்பது பெண்கள், முடிவு மட்டும் போனில் வரும்.

2011-ல் ஜவாஹிருல்லா மனிதநேய மக்கள் கட்சி சார்பில் அதிமுக கூட்டணியில் நின்றார். வாப்பா சொன்னார், உம்மா போட்டார், அவர் ஜெயித்தார். 2016-ல் அதே ஜவாஹிருல்லா அதே ராமநாதபுரத்தில் திமுக கூட்டணியில் நின்றார். வாப்பாவிடமிருந்து அதே போன், அதே பெயர். உம்மா அன்று ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "நீங்க அங்க இருக்கீங்க. இங்க ரேஷன் கடையில நிக்கிறது நான். மிக்சி வந்ததும் கிரைண்டர் வந்ததும் என் வீட்டுக்கு. இந்தத் தடவை எனக்குத் தோணுனதைப் போடுறேன்."

இலைக்குப் போட்டார். ஆளைப் பிடிக்காமல் இல்லை, இன்றைக்கும் அவர் மேல் மரியாதைதான். அந்த முறை அவர் தோற்றார், அதிமுக ஜெயித்தது.

ஆனால் 2019-ல் அதே உம்மா, கூட்டணியில் தாமரை இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஏணிக்குப் போனார். 2014-ல் அன்வர் ராஜாவுக்கு இலையில் போட்டவர்தான். எனக்குப் பெரிதாகத் தெரிவது 2016 இரவுதான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தேர்தலுக்கு முதல் நாள் போன் வந்தால், வாப்பா "என்ன நினைக்கிற?" என்று கேட்பார்.

சாயல்குடி பக்கம்

எங்களுக்குத் தண்ணீர். மற்றதெல்லாம் அப்புறம்.

தள்ளுவண்டியில் குடங்களை வைத்துத் தள்ளிக்கொண்டு பெண்கள் ரோட்டோரம் போவதைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். என் அம்மா அந்த வண்டியைத் தள்ளியவர். கண்மாயில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் அள்ளி அள்ளி ஒரு குடம் நிறைய ஒரு மணி நேரமாகும்.

அப்போதெல்லாம் ஊர் ஓட்டு. கோயில் முன்னால் பெரியவர்கள் கூடி நம் ஆள் யார் என்று பேசி முடிப்பார்கள், ஊரே அங்கே விழும். திருச்சிப் பக்கமிருந்து காவிரித் தண்ணீர் குழாயில் வந்தபோதுதான் அது உடைந்தது. கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து, "தண்ணி கொண்டுவந்தவனுக்குப் போட்டா என்ன?" என்று கேட்டார். பெண்கள் அங்கே பேசி அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பெரியவர்கள் பதில் சொல்லவில்லை. அந்த முறை ஊர் இரண்டாகப் பிரிந்து விழுந்தது.

அதே பெண்கள், குழாயில் வாரத்துக்கு ஒருநாள் காற்று மட்டும் வர ஆரம்பித்ததும் அடுத்த தேர்தலில் மாற்றிப் போட்டார்கள். இதைப் போய் நிலையில்லாத ஓட்டு என்று ஒருவர் என்னிடம் சொன்னார். குடம் தள்ளிப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார்.

பூத் ஏஜென்ட், பரமக்குடி

கடற்கரை இல்லைதான், ஆனாலும் நாங்களும் இதே எம்பி தொகுதி. டீச்சர் சொன்ன அதே 2019 ஏப்ரல் 18-ல் எங்களுக்குச் சட்டமன்ற இடைத்தேர்தலும் நடந்தது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மெஷின். ஒன்றில் இலையும் சூரியனும் இருந்தன, மற்றதில் ஏணியும் தாமரையும். சட்டமன்றத்துக்கு இலை ஜெயித்தது, எம்பி தொகுதியை ஏணி எடுத்தது. சென்னைக்கு ஒன்று, டெல்லிக்கு ஒன்று என்று ஜனங்கள் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கணக்குப் போட்டு உட்கார்ந்திருந்த எங்களுக்குத்தான் அன்று தெளிவில்லை.

முதல் ஓட்டு, மண்டபம்

2024-ல்தான் முதல்முறை போட்டேன். ஏப்ரல் 19, தடைக்காலம் தொடங்கி ஐந்தாவது நாள். விசைப்படகு எல்லாம் கரையில், அப்பா வீட்டில். அதனால் காலையிலிருந்து வீட்டில் பேச்சு இதுதான்.

அப்பத்தா இலை. ஆனால் ஓபிஎஸ் சுயேச்சையாகப் பலாப்பழத்தில் நின்றார். அப்பத்தாவுக்குக் குழப்பம். "அம்மா கையால முதலமைச்சர் நாற்காலி குடுத்த ஆளு இலையில இல்லாம பழத்துல நிக்கிறாரு, இலையில வேற யாரோ நிக்கிறாங்க. எதுடா அம்மா கட்சி?" என்று என்னிடம் கேட்டார். ஓ. பன்னீர்செல்வம் என்றே வேறு சிலரும் நின்றதால், சின்னத்தைப் பார்த்துப் போடுங்கள் என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு அப்பத்தாவின் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

ஏணியில் நின்ற நவாஸ்கனி இரண்டாவது முறை ஜெயித்தார், ஓபிஎஸ் இரண்டாவதாக வந்தார். எங்கள் வீட்டு நாலு ஓட்டு மூன்று இடத்துக்குப் போயிருக்கிறது. அதில் என்னுடையது எங்கே என்று சொல்லப் போவதில்லை. அடுத்த முறை அங்கேயே போகும் என்றும் சொல்ல மாட்டேன்.

ஓய்வுபெற்ற டீச்சர், ராமநாதபுரம்

எல்லோருக்கும் நன்றி. கீழக்கரை மகளே, உம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

மண்டபம் தம்பி, உன் அப்பத்தாவைப் பற்றிப் படித்ததும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்த 2019 ஆத்தாவை மறுபடியும் பார்த்தேன். போன வருடம் ராமேசுவரம் பஸ்ஸில் பக்கத்து சீட். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை, நான்தான் ஞாபகப்படுத்தினேன். "2024-ல் இலை இருந்துச்சா ஆத்தா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு தாயி. பார்த்தேன். ஆனா அதுல போடல" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். பேரனைக் கடலில் பிடித்துக்கொண்டு போய் இரண்டு மாதம் வைத்திருந்தார்களாம். அந்த இரண்டு மாதமும் வீட்டு வாசலுக்கு வந்து கேட்டுப்போன ஆட்கள் யார், வராதவர்கள் யார் என்று ஒவ்வொருவராகச் சொன்னார். பாம்பன் வருகிறவரை சொல்லிக்கொண்டே வந்தார்.

தொண்டி, தேவிபட்டினம் பக்கத்தவர்கள் யாரும் இன்னும் எழுதவில்லை. திருவாடானைத் தொகுதியில் 2011-ல் திமுக, 2016-ல் இலையில் நின்ற கருணாஸ், 2021-ல் காங்கிரஸ். மூன்று தேர்தலில் மூன்று சின்னம். அங்கே வீடுகளில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று யாராவது எழுதுங்கள்.