புதுப்பிப்பு: பிள்ளைகளின் தேயிலை விளையாட்டு

ஹட்டன் பக்கத்து எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் ஸ்க்ராட்ச்சில் (கட்டளைத் துண்டுகளைக் கோத்து விளையாட்டு செய்யும் கணினி மென்பொருள்) உத்தி விளையாட்டு செய்ய ஆசைப்படுகிறார்கள், எங்கே தொடங்குவது என்று போன மாதம் கேட்டிருந்தேன். முதலில் தாளில் விளையாடச் சொன்னீர்கள். கொப்பித் தாளில் கட்டம் கீறி, புளியங்கொட்டையைக் கூடையாக வைத்து இரண்டு ஞாயிறு விளையாடியதில், மழை பெய்தால் கொழுந்து கூடும் ஆனால் பாதை வழுக்கி லொறி அடுத்த ஆட்டத்தில் நகராமல் நிற்கும் என்ற விதியைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். "அப்பதான் சேர் யோசிக்க வேணும்" என்றாள் சின்னவள், எனக்கு அவ்வளவு சந்தோசம்!

அப்புறம் கணினி. ஸ்க்ராட்ச் மேடை, அதாவது விளையாட்டு தெரியும் திரைப்பகுதி, 480க்கு 360 புள்ளி, அதனால் 60 புள்ளி அளவில் கட்டம் போட்டால் 8க்கு 6 என்று மிச்சமில்லாமல் பொருந்தும். விளையாடும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நகர்ந்த பிழை, 'யார் முறை' என்றொரு மாறி (மதிப்பை நினைவில் வைக்கும் பெட்டி போன்றது) வைத்ததும் சரியாகிவிட்டது. இனி கணினியே எதிராளியாக ஆட வேண்டுமாம், வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.